காயாத சிவப்பு

படம் வந்துச்சு நேர்ல வா. அக்கா அனுப்பியிருந்தது இவ்வளவுதான். வா என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் மூன்று நாளாக என் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. தமயந்தி அக்கா ஜென்மத்தில் புள்ளி வைத்தவள் இல்லை. அவள் அனுப்புவதெல்லாம் சாப்டியா பால்காரன் வரல உங்க அத்தானுக்குச் சளி நீ எப்ப வர்ற என்று ஒரே ஓட்டமாக ஓடும், எங்கே மூச்சு விடுவதென்று படிப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் புள்ளி வைத்தால் என்ன அர்த்தம். கோபம். கோபமாக இருந்தால் போன் போட்டே திட்டியிருப்பாளே, திட்டுவதற்கு அவள் நல்ல நேரம் பார்க்கிறவள் இல்லையே. அப்படியானால் கோபத்தையும் தாண்டிய ஏதோ ஒன்று. இத்தோடு முடிந்தது என்கிற புள்ளி. சரி, வந்து பேசிக்கொள்ளலாம் என்கிற புள்ளியாகவும் இருக்கலாமே. பெரியார் நிலையத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து இதே புள்ளியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், இடையில் கண்டக்டர் வந்து கட்டணமில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனதுகூட உறைக்கவில்லை. மடியில் அக்காவுக்கு எடுத்த சுங்குடிச் சேலை, மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை. இன்று அவர்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். முகூர்த்தம் அதிகாலை, எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எல்லாம் முடிந்து பந்தி நடக்கிற ஒன்பது மணிக்குப் போய் இறங்குகிற மாதிரி கிளம்பினேன். நாற்பத்தேழு வயதில், முந்நூறு பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற டிராயிங் டீச்சர், பயந்துகொண்டு லேட்டாகப் போகிறேன். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பயத்துக்கு அடியில் வெட்கமில்லாத ஒரு சந்தோஷமும் உட்கார்ந்துகொண்டு காலாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது. என் கையில் இதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை.

அத்தான் கேட்டது மகாலட்சுமி. ஆறடிக்கு நாலடி, கோதை, ஹால்ல நுழைஞ்சதும் கண்ணுல படணும், ரெண்டு பக்கமும் யானை, தும்பிக்கையில கலசம், கையிலருந்து கொட்டணும், கொட்டுறது தரை வரைக்கும் வரணும் என்றார். சொல்லும்போதே அவருக்கு முகமெல்லாம் மலர்ந்திருக்கும், போனில் குரலே அப்படி இருந்தது. சோலைமலை அத்தான் ஆசைப்படுவதில் ஒளிவுமறைவே கிடையாது. விருந்தில் மூன்றாவது முறை பாயசம் கேட்கிற அதே சந்தோஷத்தோடு பக்கத்து மனையையும் கேட்பார், அதற்குப் பக்கத்தையும் கேட்பார். நான் லட்சுமியைத்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக. யானைகள் அழகாக அமைந்தன. தாமரையும் வந்துவிட்டது. தாமரைக்கு அடியில் தண்ணீர் வரைய வேண்டும், தண்ணீரை நினைவிலிருந்து வரைந்தால் பிளாஸ்டிக் மாதிரி வருகிறது. நேரில் பார்த்து வரையலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் தூக்கிக்கொண்டு வெள்ளூத்துக் கண்மாய்க்குப் போனேன். நானும் அக்காவும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கெண்டை பிடித்த கண்மாய், அதில் இல்லாத தாமரையா. போய்ப் பார்த்தால் கண்மாய்க்கு நடுவில் தார் ரோடு போகிறது. வரிசையாக எல்லைக்கல், மஞ்சள் பூசி, மேலே சிவப்பாக நம்பர். வளைவில் ஒரு பலகை: லேக் வியூ நகர். ஏரியைக் காணோம், வியூ மட்டும் இருக்கிறது. பலகையில் கும்பிட்டபடி அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது, அதில் ஒற்றை வெள்ளைக் கொக்கு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. நான் நோட்டைப் பிரித்துக் கொக்கை வரைந்தேன், வரைந்து முடித்தபோதுதான் கவனித்தேன், அது கழுத்தைச் சாய்த்திருந்த விதம் அப்படியே அக்கா.

வீட்டுக்கு வந்து லட்சுமியின் மேல் வெள்ளை அடித்தேன், யானைகளுக்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பதினோரு நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து காபிகூடப் போடாமல் தூரிகையை எடுப்பேன். சம்மணமிட்டு ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான், கண்மாயை விடப் பெரியவன். அவன் வாய்தான் மடை, தண்ணீர் முழுக்க அந்த வாய்க்குள்ளே போகிறது. வயிறு கண்ணாடி மாதிரி, உள்ளே மீனுக்குப் பதிலாக எல்லைக்கற்கள் நீந்துகின்றன. நாக்கை வெளியே தொங்கவிட்டேன், அது நாக்கில்லை, நிலம் அளக்கிற டேப், மஞ்சள் நிறம், அடி அங்குலமெல்லாம் போட்டு. கண்ணுக்கு இமையே வைக்கவில்லை. இமைத்தால் அந்த நேரத்தில் ஒரு மனை கைவிட்டுப் போய்விடுமே. கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் படித்தபோது எங்கள் வகுப்பில் குறியீட்டு ஓவியம் என்றாலே எல்லாரும் பாதி புரிந்தும் புரியாமலும் ஆந்தை, மண்டையோடு, உடைந்த கடிகாரம் என்று போட்டுத் தள்ளுவோம். எதைப் போட்டாலும் அதற்கு ஓர் அர்த்தம் சொல்லிவிடலாம் என்கிற தைரியம். இந்தப் பதினோரு நாளில்தான் தெரிந்தது, அர்த்தத்தைத் தேடிக்கொண்டு நாம் போக வேண்டியதில்லை, பார்த்ததை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் டேப் தானாகவே நாக்காகிவிடுகிறது. மூக்கின் இடப்பக்கம் ஒரு மரு வைக்க வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் மூன்று முறை யோசித்தேன். அத்தானுக்கு அங்கே மரு உண்டு. வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். கடைசியாக அந்த வயிற்றுக்குள் ஒரு கையகலத் தண்ணீரில் கொக்கை நிறுத்தினேன். பார்சல் வண்டிக்காரர் வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு நிமிஷம் அண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, கொக்கின் காலை ஓர் எல்லைக்கல்லோடு சிவப்பு நூலால் கட்டினேன். பத்திரக் கட்டுகளில் சுற்றியிருக்குமே, அந்தச் சிவப்பு. குழாயிலிருந்து அப்படியே பிதுக்கி, தடிமனாக ஒரே இழுப்பு. அந்தச் சிவப்பு காய வாரக்கணக்காகும் என்று தெரிந்தும் பொறுக்க முடியவில்லை. அதன் மேல் காகிதம் படாமல் நாலு மூலையிலும் தக்கை வைத்துக் கட்டி அனுப்பினேன்.

காளவாசலில் கூட்டம் ஏறியது. ஒரு அம்மா இரண்டு கையாலும் வெள்ளைப் பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், பிள்ளைத்தாச்சி மாதிரி மூச்சு வாங்கியது அவருக்கு. கண்டக்டர் வந்து, காய்க்கு யார் டிக்கெட் எடுக்கிறது என்று கேட்டார். அதுவும் பொம்பளதேன், ஓசியில வரும் என்றார் அந்த அம்மா. பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஜன்னல் வழியாக நல்ல காற்று, வெயில் இன்னும் ஏறவில்லை, ஒரு நிமிஷம் புள்ளியை மறந்தேன். மறந்தேன் என்று நினைத்ததுமே அது திரும்பி வந்துவிட்டது. அக்கா மரு இருப்பதைப் பார்த்திருப்பாள். அத்தானைக் கண்டுபிடிக்க அவளுக்கு மருகூட வேண்டாம், உட்கார்ந்திருக்கிற தினுசே போதும். அத்தான் பார்த்திருப்பார். அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்தால் ஏனோ பயத்தைவிட வருத்தம்தான் வருகிறது. பெண் பார்க்க வந்த அன்று எனக்கென்று பன்னிரண்டு வர்ணம் இருக்கிற கலர் பெட்டி வாங்கி வந்தவர் அவர். மச்சினிச்சிக்கு லஞ்சம் என்று சொல்லிக் கொடுத்தார். என்னைக் கும்பகோணத்துக்குப் படிக்க அனுப்பக் கூடாதென்று அப்பா முறுக்கிக்கொண்டு நின்றபோது, தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவர் தயவில் கற்றுக்கொண்ட கலையை எடுத்து அவர் முகத்திலேயே பூசியிருக்கிறேன். துரோகமா. ஆனால் கண்மாய். ஆனால் கலர் பெட்டி. கலர் பெட்டி கொடுத்த கைதான் கண்மாயையும் தூர்த்தது, இரண்டும் ஒரே கை என்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். படத்தில்தான் வைக்க முடிந்தது.

அத்தான்கூடப் பரவாயில்லை. என் பயமெல்லாம் கொக்கு. அவர் வாங்குகிற மனையெல்லாம் அக்கா பேரில்தான். லேக் வியூ நகர் முழுக்கப் பத்திரப்படி தமயந்திதான். கல்யாணமான புதிதில் அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவார், திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வருவாள், இடது கைப் பெருவிரலில் மை இருக்கும். தலையில் தேய்த்துத் தேய்த்து முடியே நீலமாகிவிடும் போல என்று சிரிப்பாள். இப்போது மெஷினில் விரல் வைக்கிறார்கள், மை இல்லை. ஆனால் எனக்கு அக்கா என்றாலே அந்த மை விரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எதற்குப் போடுகிறோம் என்று ஒரு தடவையாவது கேட்டாயா அக்கா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியமில்லாமல்தான் கொக்கு வரைந்தேன், கேட்கத் தைரியமில்லாமல்தான் சிவப்பு நூல் கட்டினேன். அவளுக்குப் புரிந்திருந்தால் புள்ளி வைத்திருப்பாள். அதுதான் வைத்திருக்கிறாள். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று மிச்சமிருப்பது சாப்டியா பால்காரன் வரல என்கிற அந்த ஓட்டம் ஒன்றுதான். ஒரு நூல் இழுப்புக்காக அதையும் தொலைத்துவிட்டேனோ. பஸ் மேம்பாலத்தில் ஏறி இறங்கியது.

யம்மா, நீங்க டீச்சரா என்று பக்கத்தில் குரல். எப்படித் தெரிந்தது என்றேன். கைப்பை வாயில் நாலைந்து ஸ்கெட்ச் பேனா தலையை நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினார். அவர் மகன் கடை திறக்கிறானாம், செல்போன் கடை. பூசணிக்காயில் மூஞ்சி வரைந்ததாகக் கேட்டால் கடைக்காரர் வெறுங்காயைத் தலையில் கட்டிவிட்டாராம், முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணிதான் இருக்கிறதாம். ஒரு மூஞ்சி போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். நான் காயை மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். சாம்பல் பூத்த தோலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, குலுங்குகிற பஸ்ஸில் கறுப்புப் பேனாவால் முதலில் கண், இரண்டும் முட்டை முட்டையாக, இமையில்லாமல். முறுக்கு மீசை. சிவப்புப் பேனாவால் நாக்கைத் தாடைக்குக் கீழே வரைக்கும் தொங்கவிட்டேன். பின் சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ரெம்ப நல்லாருக்கு, புள்ள அழுதாத்தேன் கணக்கு என்றார் அந்த அம்மா. பேனாவை மூடப் போனேன், கை தானாகத் திரும்பிப் போய் மூக்குக்கு இடப்பக்கம் ஒரு மரு வைத்தது. வைத்த பிறகுதான் பார்த்தேன். பூசணிக்காய் என் மடியிலிருந்து என்னை முறைத்தது. இமையில்லாத கண், தொங்குகிற நாக்கு, மரு. பதினோரு நாள் உட்கார்ந்து நான் வரைந்ததும் இதைத்தானா. குறியீடு, மடை, டேப் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு, கடைசியில் மதுரையில் கட்டுகிற ஒவ்வொரு வீட்டு நெற்றியிலும் தொங்குகிற திருஷ்டிப் பொம்மையையா ஆறடிக்கு நாலடியில் வரைந்து வைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னம்மா என்றார் அவர். தெரிஞ்சவரு மாதிரி வந்துட்டாரு என்றேன். தெரிஞ்சவுக கண்ணுதேன் மொதல்ல படும் என்று சொல்லிக் காயை வாங்கிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். அதற்கு மேல் மூன்று ஸ்டாப் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், சிரிப்பு அடங்கும்போதெல்லாம் புள்ளி எட்டிப் பார்த்தது.

லேக் வியூ நகரில் இறங்கியபோது தெருவில் கார்கள், வாழைமரம், நாதஸ்வரக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். புது வீடு வெள்ளை வெளேரென்று மூன்று மாடி. வாசல் கேட்டுக்கு முன்னால் கூட்டமாக நின்று எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். கேட்டுக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி, கண்ணாடி போட்ட இரும்புச் சட்டத்துக்குள் என் படம். மேலே எலுமிச்சை மிளகாய்ச் சரம், இரு பக்கமும் வெள்ளைப் பூசணிக்காய், கீழே சூடம் எரிந்த கரி. சம்மணமிட்டு உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டு அந்த மனுஷன் லேக் வியூ நகரின் மொத்தத் தெருவையும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து பட்டு வேட்டியில் அத்தான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார், மூக்கோரத்து மருவில் சந்தனம் ஒட்டியிருந்தது. வாத்தா கோதை, எங்கடா ஆளக் காணோம்னு பாத்தேன் என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். பார்சலைப் பிரித்ததும் அவருக்கே ஒரு நிமிஷம் குலை நடுங்கிவிட்டதாம், லட்சுமி எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அப்போது வாஸ்து பார்க்க வந்திருந்த ஐயா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். இவ்வளவு உக்கிரமான திருஷ்டிப் படத்தை நான் ஆயுசில் பார்த்ததில்லை, இதை ஹாலில் வைக்கக் கூடாது, தெருவைப் பார்த்து வையுங்கள், ஒரு கண் உள்ளே வராது என்றாராம். லட்சுமி யாரு வேணா வரைவாக, என் மச்சினிச்சி எனக்கு எது வேணும்னு பாத்து வரைஞ்சிருக்கா என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையடித்தார். பிறகு என் காதோரம் குனிந்து ரகசியமாக, யாரு அந்தப் பய, எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே, பேராச புடிச்ச நாயி, முழியப் பாரு என்றார். போட்டோ எடுக்க யாரோ கூப்பிட, அவர் ஓடிப்போய்ப் படத்துக்கு நேர் கீழே கைகட்டி நின்று சிரித்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியவில்லை. தலைநிறைய மல்லிகை, கையில் பந்தியிலிருந்து எடுத்துவந்த கரண்டி. அவள் என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன், அந்த வயிற்றை, அந்தக் கையகலத் தண்ணீரை. கொக்கு நின்றது. காலில் நூல் இல்லை. நூல் இருந்த இடத்தில் தண்ணீர் லேசாகச் சிவந்து கலங்கியிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடி போடுவதற்கு முன்னால் யாரோ துடைத்திருக்கிறார்கள். நான் மெதுவாகத் திரும்பிக் கரண்டி பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். இடது கைப் பெருவிரல் நகக்கண்ணில் சிவப்பு. குங்குமம் என்று நினைத்தேன், மருதாணி என்று நினைத்தேன். என் சிவப்பு எனக்குத் தெரியாதா.

"காயாம அனுப்பிட்டியேடி" என்றாள். "பிரிச்ச அன்னைக்கி மொதல்ல அதத்தேன் பாத்தேன். ஒரே தேய். வந்துருச்சு."

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் வருகிற அழுகைக்கு ஒரு அந்தஸ்தும் கிடையாது, மூக்குதான் முதலில் ஒழுகுகிறது. அவள் தன் முந்தானையைக் கொடுத்தாள். வருகிற திங்கட்கிழமை அந்த மூலையில் மிச்சமிருக்கிற தண்ணீருக்கும் பத்திரம் இருந்ததாம். வரமாட்டேன், விரல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அத்தான் என்ன சொன்னார் என்று கேட்டேன். பூஜை மும்முரத்தில் காதில் வாங்கவில்லையாம், திங்கட்கிழமை வாங்குவார் என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். அங்கே போட்டோக்காரர், சார் கொஞ்சம் நாக்கை நீட்டுங்க, அதே மாதிரி ஒண்ணு எடுத்துக்குவோம் என்று அத்தானைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நீட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். அப்ப ஏன்க்கா புள்ளி வச்ச, மூணு நாளா நான் தூங்கல என்றேன். போனை எடுத்துக் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"நான் எங்கடி புள்ளி வச்சேன்? வெரல் பூரா உன் சாயம். அந்தக் கையோடயே போன எடுத்தேன், வழுக்கிட்டு எங்கிட்டாவது பட்டிருக்கும்."

பிறகு பொங்கல் ஆறுது உள்ள வா நீ லேட்டா வந்ததுக்கு உனக்கு வடை கெடையாது சேல நல்லாருக்கே யாருக்கு எனக்கா என்று ஒரே ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு, அந்தச் சிவப்பு விரலால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.